மீன் தொட்டிக்குள் வெள்ளைக் கோடுகள்

1

இந்தக் கதை எனக்குத் தேவாரம் என்ற ஊருக்குப் போகிற பேருந்தில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் தெர்மாகோல் பெட்டி. மதுரையில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிப்பதாகவும், பெட்டிக்குள் டிரை ஐஸ் எனப்படும் உலர்பனி என்றும், அப்பாவுக்கு ஒன்று காட்டப்போவதாகவும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மீதியெல்லாம் நானாகப் புனைவது. அவளுக்கு ரீட்டா என்று பெயர் வைக்கிறேன்.

எழுதிப் பார்த்த முதல் வரி: 'அண்டவெளியின் தூதர்கள் அன்றிரவு அவள் வீட்டு...' (இரவும் வேண்டாம், தூதரும் வேண்டாம்.)

2

ரீட்டாவுக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, நியூட்ரினோ ஆராய்ச்சி. அப்பா பீட்டர்ராஜ் திராட்சை விவசாயி. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்காக மலையைக் குடையக் கூடாது என்று ஊர்வலம் போனவர். அந்தப் படிப்புக்குப் போனால் வீட்டுப் படி ஏறாதே என்றுவிட்டார். பேசிப் பேசி ஓய்ந்தவள், கண்ணால் பார்த்தாலாவது மனம் இளகாதா என்று மீன் தொட்டியில் ஒரு கருவி செய்தாள். மூடிக்குக் கீழே ஸ்பிரிட்டில் நனைத்த துணி, அடியில் உலர்பனி. வானத்திலிருந்து ஓயாமல் பொழிகிற துகள்கள் உள்ளே குளிர்ந்த ஸ்பிரிட் ஆவியில் வெள்ளைக் கோடு கிழிக்கும்.

(அப்பாவை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். கை வரவில்லை. மலை போனால் தண்ணீர் போகும் என்று பயப்படுகிறவர் எப்படி வில்லன்?)

3

அம்மா ரோசம்மாள் மிக்ஸியானாலும் டிராக்டரானாலும் தீர்த்தம் தெளிக்காமல் புழங்க விடமாட்டாள். ரீட்டா அப்பாவைக் கூப்பிடப் போன நேரம், அம்மா தொட்டி மூடியைத் திறந்து தாராளமாகத் தெளித்துவிட்டாள். மகளுக்கு நல்லது நடக்கட்டுமே என்றுதான். ஸ்பிரிட் போய்த் துணியெல்லாம் தண்ணீர். ஒரு கோடும் வரவில்லை. பனி குறைந்துகொண்டே போக, அப்பா துண்டை உதறி எழுந்தார்.

இங்கேயே கதையை முடித்துவிட... இல்லை, எனக்கே அதைப் பார்க்க வேண்டும்.

ரீட்டா அவசரமாக வேறு துணியை ஸ்பிரிட்டில் நனைத்து வைத்து, டார்ச் அடித்தாள். வந்தது. மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. இன்னொன்று. பிறகு மளமளவென்று. அத்தனை படித்தவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

"இது என் மேலயும் விழுகுதா?" என்று திரும்பி வந்து குனிந்தார் அப்பா.

"உள்ள பூந்து போகுதுப்பா, பெறந்ததுலருந்து."

"மலைக்குள்ளயும்?"

"அங்கன ரொம்பக் கொறஞ்சுரும். இதுக கொறஞ்சாத்தான் நியூட்ரினோ தட்டுப்படும். அதுக்குத்தான் மலையக் கேட்டாக."

4

கண் கலங்கி அனுப்பிவைக்கிறார்: சினிமா. தொட்டியை உடைக்கிறார்: அதுவும் சினிமா. எனக்கு எழுத வந்தது இவ்வளவுதான். தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பீட்டர்ராஜ் சொன்னார்:

"மலையத் தொடக்கூடாது ஆத்தா. அதுல மாத்தமில்ல. ஆனா இதப் பாக்காமயே செத்திருப்பேனே."

"அப்ப நான் போகட்டுமாப்பா?" என்று கேட்டாள் ரீட்டா.

அவர் வாயில் ஒரு பதிலை வைக்க எனக்குத் துணிவில்லை. அவர் பக்கத்தில் நீங்களும் குனிந்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.