கோபுரம் ஏறாத பட்டதாரி

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரத்து மாணவர்களில் பாதிப் பேருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஊர் நடுவே நிற்கும் டோம் தேவாலயக் கோபுரத்தைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் பயம். படிப்பை முடிக்காமல் அதில் ஏறினவனுக்கு ஆயுசுக்கும் பட்டம் கிடைக்காது. இயற்பியல் மாணவர்கள்கூட இதை நம்புகிறார்கள். அவர்கள்தான் அதிகமாக நம்புகிறார்கள்.

மூன்று வருடப் படிப்பை ஆறாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்த யோரிட், அந்தச் சனிக்கிழமை காலை கோபுரத்தின் கீழ்வாசலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றிருந்தான். "பாஸாயிட்டேம்பா" என்று ஜூலையில் போனில் சொன்னது, பேச்சை முடித்துக்கொள்ளச் சொன்ன ஒரு வார்த்தை. அதை நம்பி அப்பா ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துக் கிராமத்தில் வீட்டு வாசலில் கொடியேற்றி, பிள்ளை தேறினால் செய்கிற ஊர் வழக்கப்படி கம்பத்து நுனியில் இவனுடைய பழைய புத்தகப் பையையும் கட்டித் தொங்கவிட்டார். ஊரே வந்து அப்பாவின் கையைக் குலுக்கியது. உண்மையில் புள்ளியியல் தாள் இன்னும் பாக்கி. நாலு தடவை எழுதியாகிவிட்டது. ஐந்தாவது, வருகிற செவ்வாய்க்கிழமை.

"நீ முடிச்சதும் மூணு பேரும் சேர்ந்து ஏறணும்னு மொத வருஷமே சொன்னேன்ல?" என்றார் அப்பா. மாட்டுப் பண்ணைக்காரர், சொன்ன சொல்லை மறக்காதவர்.

கூட்டிப் போகவேண்டிய வழிகாட்டிப் பெண் வந்தாள். யோரிட்டுக்கு உயிரே போனது. அவனோடு ஒரே வகுப்பில் சேர்ந்து, புள்ளியியலை முதல் தடவையே முடித்துவிட்டுப் போன ஃபென்னா.

"படிப்ப முடிக்காதவங்க யாராச்சும் இருந்தா இப்பவே கழண்டுக்கலாம். அப்புறம் கோபுரத்தக் குத்தம் சொல்லக்கூடாது," என்றாள் அவள், வழக்கமான வேடிக்கையாக. கூட்டம் சிரித்தது.

"எங்க பையன் ஜூலையிலேயே முடிச்சுட்டாம்மா!" என்றார் அப்பா.

ஃபென்னா அப்போதுதான் இவனைப் பார்த்தாள். "அப்படியா? சொல்லவே இல்லையே, யோரிட்."

"அடக்கமான புள்ள," என்றாள் அம்மா.

சுழல் படிக்கட்டு. முன்னால் அம்மா, பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் இருபது பேர். திரும்ப வழியில்லை. மொத்தம் நானூற்று அறுபத்தைந்து படி. நூறாவது படியில் யோரிட் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டான்: ஏறினவர்களில் தோற்றவர் எத்தனை பேர், ஏறாமலே தோற்றவர் எத்தனை பேர். அந்தக் கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்திருந்தால் அவனுக்கு இந்தக் கதியே வந்திருக்காது.

இடையில் மூச்சு வாங்க எல்லோரும் நின்றபோது ஃபென்னா அவன் காதருகே குனிந்தாள். "டேய், உச்சிக்குப் போனாத்தான் தோஷமாம். மணி இருக்கற மாடம் வரைக்கும் பரவால்லையாம். ஒரு சீனியர் சொன்னாரு."

"நிஜமாவா?"

"அவரு இன்னும் படிச்சுட்டுத்தான் இருக்காரு."

மணி மாடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம். உத்தரங்களுக்கு நடுவே பெரிய மணிகள் தொங்கின. "ஒவ்வொண்ணும் எத்தன மாட்டு எடை இருக்கும்!" என்று அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். ஃபென்னா மேலே போகும் படியைக் காட்டினாள். எல்லோரும் நகர்ந்தார்கள். யோரிட்டின் கால் மட்டும் நகரவில்லை.

"என்னடா, தலை சுத்துதா?" என்றாள் அம்மா.

ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பான். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை பட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் பாஸாகலம்மா. செவ்வாக்கிழம மறுபடி எழுதறேன்."

நகரத்தைப் பார்க்க வந்த இருபது பேருக்கும் காட்சி அங்கேயே கிடைத்துவிட்டது. ஒருவரும் அசையவில்லை. "மேல வாங்க, காத்து நல்லா வரும்," என்று ஃபென்னா கெஞ்சினாள்.

அம்மாவின் முகம் சிவந்தது. "உங்கப்பா மூணு நாளு அந்தக் கொடிய எறக்கலடா," என்றாள். பிறகு கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. நான் போறேன்." கூட்டமும் மனசில்லாமல் அவள் பின்னால் ஏறியது.

மாடத்தில் இரண்டே பேர். அப்பா ஓர் உத்தரத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது.

எலும்புக்குள் புகுந்து அதிர்ந்தது சத்தம். அப்பா எளிதில் பேச ஆரம்பிக்கிற ஆளில்லை; ஆரம்பித்தால் நிறுத்துகிற ஆளுமில்லை. உதடுகள் அசைந்தன. ஒரு தடவை இவனை நோக்கி விரல் நீண்டது. ஒரு தடவை தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். திட்டுகிறாரா, தேற்றுகிறாரா? தெரியாத பயத்தில் யோரிட் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். பன்னிரண்டாவது அடியோடு அப்பாவும் முடித்துக்கொண்டார்.

"அப்பா... எதுவுமே கேக்கலப்பா."

"சொல்லிட்டேன்."

"இன்னொரு தடவ..."

"ஒரு தடவ சொன்னதே பெரிசு."

அம்மா தலைமுடி பறக்க இறங்கி வந்தாள். "ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் தெரியுது. உன் காலேஜும் தெரிஞ்சுது, இத்துனூண்டு. அதுக்கா ஆறு வருஷம்?"

"இவன்கிட்ட பேசிட்டேன். சரின்னுட்டான்," என்றார் அப்பா.

"எதுக்கு?"

"பரீட்ச முடியற வரைக்கும் நாம இவன் ரூம்லயே தங்கறதுக்கு. மாட்ட பக்கத்து வீட்டு ரின்ஸ் பாத்துக்குவான்."

யோரிட்டின் அறையில் இருந்தது ஒரே கட்டில். ஆனால் இறங்கும்போது அவன் நினைத்துக்கொண்டிருந்தது கட்டிலை அல்ல. அவ்வளவையும் சொல்ல மூன்று மணியடி போதும். மீதி ஒன்பது அடிக்கு அப்பா என்ன சொன்னார்? முன்னால் போகும் அந்த அகன்ற முதுகை ஒவ்வொரு படியிலும் பார்த்தான். கேட்கத் துணிச்சல் வரவில்லை.