ஜோடிக் கூலி

...வாயைத் தைத்துப் போட்டிருந்தாலும் தேவலை, ஊமை மாதிரி நின்றிருந்தாலாவது அந்த ஆபீசர் தானாக எதையாவது எழுதிக்கொண்டு போயிருப்பார், எதற்கு முந்திக்கொண்டு சொன்னாள், ‘புருசனுக்கு சோறு எடுத்தாந்தேன் சார்’ என்று, எந்தப் பேய் வந்து நாக்கில் உட்கார்ந்தது... சிட்டம்மாள் காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டே நடந்தாள். உத்திரமேரூரைத் தாண்டிப் பெருநகர் ரோட்டில் இருக்கும் அந்த ரைஸ்மில்லின் களம் முழுக்க அவித்த நெல் பரப்பிக் கிடந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை காலை இழுத்து இழுத்து நடக்கவேண்டும், நின்றால் மேல் நெல் காய்ந்து அடி நெல் ஈரமாகவே கிடக்கும், அப்புறம் அரிசி நொய்யாகிவிடும், கணக்குப்பிள்ளை எத்திராஜ் வாய்க்கு வந்தபடி பேசுவான். பதினோரு வருஷமாக இதே நடைதான். நடந்த நடைக்குக் காசிக்கே போய்த் திரும்பியிருக்கலாம், போனது என்னவோ இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும்தான்.

இந்த மில்லுக்கு வருவதற்காகத்தானே அவளுக்குக் கல்யாணமே நடந்தது. தனி ஆளை எந்த மில்லிலும் சேர்க்கமாட்டார்கள், புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வரவேண்டும், ஜோடிக்கு ஒரு கூலி. வீராசாமிக்கு வேலை வேண்டியிருந்தது, வேலைக்குப் பெண்டாட்டி வேண்டியிருந்தது, திருமுக்கூடலில் தாலி கட்டி மூன்றாம் நாள் இந்தக் களத்தில் கொண்டுவந்து விட்டான். மஞ்சள் கயிற்றில் ஈரம்கூடக் காயவில்லை. அன்றைக்குக் கால் பொத்துப்போய் அழுதாள், இப்போது நெருப்பில் நடந்தாலும் தெரியாது. சர்க்கார் கூலியை ஏற்றிவிட்டது என்று போன மாதம் டீக்கடையில் பேப்பர் படித்துச் சொன்னார்கள். ஜோடிக்குக் கொடுக்கிறதைவிட இரண்டு ரூபாய் அதிகம், அதுவும் ஆளுக்கு, ஆணென்ன பெண்ணென்ன, தலைக்கு அவ்வளவு. அவளுக்கு நம்பவே முடியவில்லை. தலைக்கு என்றால் என் தலைக்குமா? ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள், இரண்டு கூலி வந்தால் மத்தியானமும் உலை வைக்கலாம், மகள் பாஞ்சாலியை எட்டாவதோடு நிறுத்தவேண்டாம், அவளும் எவனுக்காவது ஜோடியாகப் போய் இன்னொரு களத்தில் காலை இழுக்கவேண்டாம்...

காலையில் எத்திராஜ் வந்து பெண்கள் நாலு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினான். “லேபர் ஆபீசர் வராரு. உங்க பேரு நோட்டுல கெடையாது. கேட்டா புருசனுக்கு சோறு கொண்டாந்தோம்னு சொல்லுங்க. இல்லன்னா ஜோடியோட மூட்டை கட்டிக்கினு போவ வேண்டியதுதான்” என்றான். பயம் வந்தது, வராமல் இருக்குமா, குடியிருக்கும் குடிசையே மில்லுக்காரருடையது. இருந்தும் ஜீப்பிலிருந்து அந்த மனுஷர் இறங்கியபோது, மூக்குக்கண்ணாடியும் வேர்த்த சட்டையுமாக, பார்க்க நல்லவராகத்தான் இருந்தார், உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அவர் நேராக அவளிடம்தான் வந்தார். மூத்தவள் என்று நினைத்திருப்பார். “இங்க வேலை செய்யறியாம்மா?” அவர் கண் அவள் காலில் இருந்தது, முழங்கால் வரைக்கும் நெல் தூசி, விரல் இடுக்கில் நெல். அவள் சோறு என்று சொல்லிவிட்டாள். “தூக்கு எங்கம்மா?” கை வெறுங்கை. “துன்னுட்டு... வூட்டுக்கு குடுத்து அனுப்பிட்டாரு சார்.” மணி பத்துகூட ஆகவில்லை. அவர் மறுபடி அவள் காலைப் பார்த்தார், இன்னொரு தரம் கேட்கமாட்டாரா, ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால்... கேட்கவில்லை. பேனாவைத் திறந்தார். பக்கத்தில் நின்ற கோவிந்தம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அவளும் சோறு என்றாள், மற்ற இரண்டு பேரும் சோறு என்றார்கள். பாவி, நீ வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்களே, நாலு பேர் வயிற்றிலும் மண்ணை அள்ளிப் போட்டாயே!

எத்திராஜ் மத்தியானம் மறுபடி வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. முதலாளி சட்டப்படி நடக்கப் போகிறாராம். ஆம்பளைகளுக்கு இனி சர்க்கார் கூலி, இரண்டு ரூபாய் அதிகம், நாளையிலிருந்தே. “அப்ப எங்களுக்கு?” என்று கோவிந்தம்மாள் கேட்டாள். “உங்களுக்கு இன்னா? நீங்கதான் சோறு எடுத்தாரவங்கன்னு எழுதிக்கினு போயிட்டாரே, கையெழுத்தும் போட்டாச்சு. வேலைக்கு எப்பவும்போல வாங்க. ஜீப்பு சத்தம் கேட்டா மட்டும் வெளிய போயிடுங்க.” அவ்வளவுதான். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, கால்கள் நின்றிருந்தன, எத்திராஜ் அதட்டியதும் கிளம்பின.

நெல் அவிக்கும் தொட்டியிலிருந்து கூடையோடு வந்த வீராசாமி ஈர நெல்லை அவள் காலடியில் கொட்டினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை அவள் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. “கேட்டியா சிட்டு, என் கூலி ஏறிடுச்சு” என்றான். என் கூலி... நேற்றுவரைக்கும் நம்ம கூலி என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்லி என்ன, அவன் கெட்டவன் இல்லை, சாயங்காலம் பாஞ்சாலிக்கு ஏதாவது வாங்கிக்கொண்டுகூட வருவான். “ஆமாங்க” என்று சொல்லி ஈர நெல்லைக் காலால் பரப்பினாள். ஆனால் அந்த நம்ம கூலியில் என் பங்கு எவ்வளவு? பாதியா, கால்பங்கா? பதினோரு வருஷத்தில் முதலாளி சொன்னதில்லை, இவன் சொன்னதில்லை, அவளும் ஒரு நாள் கேட்டதில்லை. அப்படியென்றால் புருசனுக்கு சோறு எடுத்தாந்தவள் என்று காலையில் அந்த ஆபீசரிடம் சொன்னது... அது பொய்தானா?