இரும்புத் தூளில் பிளாட்டினம்

நவம்பர் 12, செவ்வாய். வெள்ளிக்கிழமைச் சோதனைக் குறிப்பில் "துணை மின்முனை: கார்பன் தண்டு" என்று எழுதியிருக்கிறேன். தவறு. கார்பன் தண்டு உடைந்திருந்ததால் அன்று பிளாட்டினக் கம்பியை மாட்டினேன். கை வழக்கமானதையே எழுதிவிட்டது.

நேற்று, வேலை முடிந்து போகும் மாலைக் கல்லூரி வகுப்பில்தான் உறைத்தது. நாள்கணக்கில் ஓடும் சோதனையில் பிளாட்டினம் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எதிர் முனையில் போய் ஒட்டுமாம். எதிர் முனையில் இருந்தது, நான் உதவி செய்யும் ஆய்வாளர் அமேமியா சானின் இரும்புத் தூள். பிளாட்டினமே இல்லாமல் எரிபொருள் கலத்தை ஓட்டுவதற்காக மூன்று வருடமாக அவர் உலையில் சுட்டுச் சுட்டுப் பார்த்தது. நேற்றுக் காலை அது திறனில் பிளாட்டினத்தை எட்டிப்பிடித்ததாக எங்கள் கோஃபு ஆய்வகமே கைதட்டியது. மார்ச்சில் அவர் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா என்று இன்று நான்கு மணிக்கு முடிவு.

காலையில் அவரிடம் சொன்னேன்.

"விளையாடாத குபோ. நேத்து வீட்டுல விலாங்கு மீன் விருந்தே முடிஞ்சுபோச்சு."

ஓடி முடித்த தூளைச் சேர்ந்தே சோதித்தோம். பிளாட்டினம் இருந்தது.

அவர் சிரித்தார். "என் இரும்பு கெட்டிக்காரன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுக்காரன் சம்பளத்துல சாப்பிட்டிருக்கான்."

"என் தப்புன்னு நானே போய்ச் சொல்லிடறேன், அமேமியா சான்."

"சொல்லு." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாலு மணிக்கு அப்புறம் சொல்லேன்."

மூன்றரைக்கே தலைவர் ஹோசாகாவிடம் சொல்லிவிட்டேன். நேர்மையா, வேறு யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயமா, தெரியவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவதுதான் என் கையெழுத்துப் போல் இருக்கிறது.

"நல்லவேளை, முன்னாடியே சொன்னே. உன்ன மாதிரி ஆளுதான் இங்க வேணும்" என்றார் ஹோசாகா.

"தப்பு என்னோடது. அமேமியா சானுக்கு இன்னொரு வாய்ப்பு..."

"பணம் போடற கம்பெனிக்காரங்க முன்னாடி எதக் காட்டறது? எண்ணு இல்லையே."

கூட்டம் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. நீட்டிப்பு இல்லை. வெளியே வந்த அமேமியா சான் என் மேசையருகே நின்று, வேலை முடிந்து கிளம்பும்போது எல்லாரிடமும் சொல்வதுபோலவே தலைகுனிந்து, "இன்னிக்கு ரொம்ப ஒழச்சிருக்கே" என்றார். அதே குரல், அதே குனிவு. திட்டியிருக்கலாம். நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

இன்று வகுப்பில் ஒரு வரிகூடக் குறிப்பெடுக்கவில்லை.

நாளை காலை ஒன்பது மணி: மார்ச் வரை காத்திராமல், அமேமியா சானிடமிருந்து உலைச் சாவியையும் சோதனை நோட்டுகளையும் பொறுப்பேற்க வேண்டும். ஹோசாகா என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்.