கூடத்துக்கு ஒரு விரிப்பு

அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தபோது, அம்மா கூடத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியால்தான் வலி என்று முடிவு செய்துவிட்டான். அவன் வேலை பார்க்கும் அலுவலகத்தில் தரை முழுக்க கார்ப்பெட். திருச்சியில் ஒரு கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"கூடத்துக்கு ஒரு விரிப்பு போடச் சொல்லியிருக்கேன்மா. ஆள் வந்து போட்டுட்டுப் போவாங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

எங்கள் வீட்டில் விரிப்பு என்றால் கோரைப்பாய், ஜமக்காளம், சாக்கு. காலையில் சுருட்டி மூலையில் நிறுத்துவோம். அப்பாவுக்கு அண்ணன் சொன்னதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நான் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள்தான். ஆனால் கார்ப்பெட்டைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

ஆட்கள் ஐப்பசி மழையில் வந்தார்கள். குறுவை நனைந்துகொண்டே அறுவடையாகி, கூடம் முழுக்கக் கணுக்கால் உயரத்துக்கு நெல் கிடந்தது. மின்விசிறியை ஓடவிட்டு, நானும் அம்மாவும் மாற்றி மாற்றிக் காலால் அளைந்துகொண்டிருந்தோம். சம்பா நெல் என்றால் சில நாள் பொறுக்கும். இந்தக் குறுவை நெல்லுக்கு உறக்கம் கிடையாது. ஈரத்தோடு குவித்து வைத்தால் முளைத்துவிடும். முளை கண்ட நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் நிலத்துக்காரரின் களத்துக் கொட்டகையில்தான் காயவைப்போம். நிலத்தை விட்டு யாரும் எழுப்பிவிடக் கூடாதென்று அப்பா தாலுகா ஆபீசில் குத்தகைதாரர் என்று தன் பெயரைப் பதிந்ததும் அந்தக் கொட்டகையில் பூட்டுத் தொங்கியது. பதிவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சாவி கிடைக்கும் என்று நிலத்துக்காரரின் காரியக்காரர் சொல்லியனுப்பினார். அப்பா போகவில்லை. அண்ணன் சம்பாத்தியத்தில் வீடு கட்டும்போது அறை ஒன்று போதும், கூடம் பெரிதாக இருக்கட்டும் என்றார். அதைக் களம் என்றுதான் சொல்வார்.

வந்தவர்கள் மூன்று பேர். பெரியவர் பெயர் நெய்னா முகம்மது. தேர்வடம் போல் தடித்த சுருளை வேனிலிருந்து இறக்கித் தோளில் சுமந்துகொண்டு வாசல் வரை வந்தவர்கள், நெல்லைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"கூடம் காலியா இருக்கணும்னு சார் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை என்றார் அப்பா. நெய்னா முகம்மது கோபப்படவில்லை. பல வீடுகளில் சொல்லிப் பழகியவர் போல நிதானமாகச் சொன்னார். ஒரு சாமான் இருக்கக் கூடாது. தரை பொட்டு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். கதவு திறக்க மூட இடிக்கும் என்பதால் அடியில் கொஞ்சம் இழைக்க வேண்டியிருக்கும். சில நாளைக்கு வாடை அடிக்கும், ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். நூல் உதிரும், பிடித்து இழுக்கக் கூடாது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

மழை விட்டதும் வரலாமே என்று அப்பா கேட்டார். வேன் இங்கிருந்து காரைக்கால் போகிறது, விட்டால் பொங்கலுக்குப் பிறகுதான், சார் கடைக்காரரை அவசரப்படுத்தியிருக்கிறார் என்றார் நெய்னா முகம்மது.

அப்பா எங்களைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். "அரை நாள் வேலைதானே. போட்டுட்டுப் போகட்டும். சாயங்காலம் சுருட்டி ஓரமா வெச்சிட்டு நெல்லைக் கொண்டாந்துடலாம். புள்ள ஆசையாப் பண்ணியிருக்கான்."

நெல்லைச் சாக்கில் வாரி மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். வந்தவர்களும் ஆளுக்கு நாலு சாக்குத் தூக்கினார்கள். கூரை ஒழுகும் இடத்தைப் பார்த்து, சுருளைச் சுற்றியிருந்த பாலிதீனை நெய்னா முகம்மதுவே மேலே கட்டிக் கொடுத்தார். ஆனால் கொட்டகையில் ஈரம் அடியிலிருந்து வருவது.

அவர்கள் கூடத்தைப் பெருக்கித் துடைத்து உலர்த்தினார்கள். சுவரோரமாக மரச் சட்டங்களை அடித்தார்கள். சட்டம் நெடுக ஆணிகள் நுனி மேலே பார்த்து நின்றன. பிறகு ஒருவர் பெரிய டின்னைத் திறந்து தரையில் பசையைத் தடவ ஆரம்பித்தார். நெடி அடுப்படி வரை வந்தது.

நான் கொட்டகைக்கு ஓடினேன். "அப்பா, ஒட்டுறாங்க."

"என்னத்த?"

"விரிப்பை. தரையோட."

அப்பா வந்து பார்த்தபோது பாதிக் கூடம் அரக்குச் சிவப்பாகிவிட்டிருந்தது. நெய்னா முகம்மது ஒரு கருவியை விரிப்பில் ஊன்றி, அதை முழங்காலால் உதைத்து உதைத்து விரிப்பைச் சுவர் வரை இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்த இடத்தில் ஆணிகள் கவ்விக்கொண்டன.

"தம்பி, இதை எப்படிச் சுருட்டுறது?"

நெய்னா முகம்மது சிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இது சுருட்டுறது இல்லீங்கய்யா. பதிக்கிறது. பிச்சா இதுவும் கிழியும், தரையும் பேந்துடும்."

"நெல்லு இருக்கே."

"இதுமேல ஈர நெல்லக் கொட்டக் கூடாதுங்க. பசை விட்டுடும். நெல்லும் காயாது, அடியில காத்து ஏது?"

இத்தோடு நிறுத்த முடியாதா என்று அப்பா கேட்டார். மீதித் தரைக்கும் பசை போட்டாகிவிட்டது என்றார் அவர். முதல்லயே சொல்லியிருக்கலாமே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவரும் சொல்லித்தான் இருந்தார், அண்ணனும் சொல்லித்தான் இருந்தான்.

வேலை சுத்தமாக இருந்தது. மூலைகளில் ஒரு சுருக்கம் இல்லை. கதவுகளை இழைத்து மாட்டி, வெட்டிய துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு, மிஞ்சியதில் ஒரு துண்டை வாசற்படிக்கென்று கொடுத்தார்கள். தண்ணீர் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நெய்னா முகம்மது என்னிடம்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வேன் போனதும் கொட்டகைக்குப் போய்ச் சாக்குக்குள் கையை விட்டேன். சூடாக இருந்தது. ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சில மணிகளின் நுனியில் வெள்ளையாக முளைவேர் எட்டிப்பார்த்தது. பரீட்சையில் இதைப் படம் வரைந்து பாகங்கள் குறித்திருக்கிறேன். அந்தப் பிடியை அப்படியே அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அம்மா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றாள். என் கையிலிருந்த நெல்லைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுமேலயே கொட்டிடுவோம். போனாப் போவுது" என்றாள்.

"கொட்டினாலும் காயாதுன்னுட்டாரே. அதுவும் போயி இதுவும் போகணுமா?"

அப்பா கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். குடையை எடுத்தார். வாய்க்கால் கரையில் நிலத்துக்காரர் வீட்டுப் பக்கம் குடை நகர்வதை அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

இருட்டுவதற்குள் திரும்பினார். கையில் களத்துக் கொட்டகைச் சாவி இருந்தது. மூவருமாகச் சாக்குகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே விரித்தோம். முளைத்தது போக மீதி தப்பிவிடும் என்று தோன்றியது. அப்பா நெல்லை அளைந்துகொண்டே இருந்தார். கொட்டகையைப் பூட்டும்போதுதான் சொன்னார்.

"திங்கக்கிழமை தாலுகா ஆபீஸ் போவணும் பாப்பா. நீயும் வா. என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லு. அப்பறம் கையெழுத்துப் போடுறேன்."

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா கால் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கூடம் சிவப்பாக, காலியாக இருந்தது. அப்பா வாசற்படியில் கிடந்த துண்டு விரிப்பின் மேல்கூடக் கால் வைக்காமல் அதற்கு இந்தப் பக்கமே நின்றார். வேட்டியெல்லாம் சேறு.

"கழுவிட்டு உள்ள வாங்க. சோறு போடுறேன்."

"இருக்கட்டும். இங்கயே குடு" என்றார் அப்பா.