செம்மல் வைத்த வால்

முகவரி அட்டையில் பெயருக்கு மேலே ‘நகைச்சுவைச் செம்மல்’ என்று அச்சடித்துக்கொண்டவர் அவர். பட்டம் கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர். கைவசம் இருந்த வித்தை ஒன்றுதான்: யார் எதைச் சொன்னாலும் அதற்கொரு வால் ஒட்டிவிடுவார். அலுவலகத்துக்கு வந்த தச்சர், நாற்காலியில் ஆணி கழன்றிருக்கிறது என்றால், “என்று அடித்துச் சொன்னார்” என்பார். கேன்டீன் அம்மா அடுப்படியில் யாரையாவது திட்டினால், “என்று பொரிந்து தள்ளினார்” என்பார். சிரிக்காதவர்களுக்கு உட்காரவைத்து விளக்குவார். அதற்குப் பயந்தே எல்லாரும் முதல் தடவையில் சிரித்துவிடுவார்கள்.

அன்று வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகியது. குழாய்க்காரர் குனிந்து பார்த்துவிட்டு, வாஷர் போய்விட்டது என்றார்.

“என்று கசியவிட்டார்” என்றார் செம்மல்.

குழாய்க்காரர் சிரிக்கவில்லை. ஸ்பானரைத் திருகிக்கொண்டே, “பாப்பாவை நல்லாப் பாத்துக்கோங்க சார். புருஷன் வேணாம்னு வந்த பிள்ளை. எங்க வீட்டம்மாகிட்ட சொல்லி அழுதுச்சாம்” என்றார்.

செம்மலுக்கு இது புதுச் செய்தி. மகள் லீவில் வந்திருக்கிறாள் என்றல்லவா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆக, அவளுக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும்.

மாடியறையில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றபடி, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொல்லியிருப்பேன்பா. நீங்க அதுக்கும் ஒரு வால் வைப்பீங்களேன்னுதான்.” சட்டையின் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். “அவரோட... முடியலப்பா. விட்டுட்டு... வந்துட்டேன்.”

‘என்று விட்டுவிட்டுச் சொன்னாள்.’

பாழாய்ப்போன மூளை, கேட்காமலே எடுத்து நீட்டியது. அதைவிடக் கேவலம், நன்றாக வேறு இருந்தது. உதட்டைக் கடித்து உள்ளே தள்ளினார். சிறுவயதிலிருந்து அந்த உதட்டைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

“பரவால்லப்பா, சொல்லிடுங்க” என்றாள்.

சொல்லிவிட்டு, சிரிப்பை முகத்தில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள். சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பாளே, அதே சிரிப்பு. அது ஜோக்குக்கு முன்பாகவே வந்து நிற்கும் என்பதை இன்றுதான் பார்த்தார்.

அவர் தலை குனிந்துகொண்டார். அவள் சிரிப்பை இன்னும் கீழே இறக்கவில்லை.