அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள்

பூட்டுக்காரர் வீட்டில் முதல் கதவு அடுப்படிச் சுவரில் முளைத்தது. வெங்காய விலை ஏறிய அதே வாரம்தான். வீடு மூன்றாவது மாடி. அந்தச் சுவருக்கு அப்பால் வெறும் காற்று, கீழே சைக்கிள் நிறுத்துகிற இடம். ஆனாலும் கதவு நல்ல கதவாகத்தான் இருந்தது. பச்சைப் பெயின்ட், பித்தளைக் கைப்பிடி, சாவித் துவாரம் என்று ஒன்றும் குறைவில்லை. அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, சரி, துணி மாட்ட ஒரு இடம் கிடைத்தது என்று பாத்திரம் துடைக்கிற துணியைக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். பூட்டுக்காரருக்குப் பார்த்த மாத்திரத்தில் முதுகு நனைந்துவிட்டது. துவாரத்தில் காதை வைத்தார். அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிவந்து நின்றவருடைய மூச்சு. அன்று சாயங்காலமே கடையிலிருந்து கனமான பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கதவில் போட்டார். மறுநாள் இரண்டாவது கதவு, மகளுடைய கட்டிலுக்கு மேலே வந்திருந்தது.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்றால், ஒரு வாத்தியார் வீட்டில். பூட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பூட்டைப் பொருத்தியதும் சாவியைத் திருப்பி, உடம்புக் கனத்தையெல்லாம் போட்டு ஒரு இழுப்பு இழுப்பார்கள். அசையவில்லை என்றால் வாய்விட்டு "பிடிச்சிருச்சு" என்பார்கள். அதைச் சொன்ன பிறகுதான் திருப்புளி பைக்குள் போகும். வாத்தியார் வீட்டு வாசல் கதவுக்குப் பூட்டு வைத்த அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட வாசலில் மகள் குடையில்லாமல் நிற்பாளே என்று அவசரமாகக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளில் அந்த வீட்டில் திருட்டுப் போனது. திருடன் வந்தது குளியலறை ஜன்னல் வழியாக. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறான். வாசல் பூட்டு பூட்டியபடியே இருந்தது என்று வாத்தியாரே வீடு தேடி வந்து சொன்னார். யாரும் பூட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்தான் தன்னைக் கேட்டுக்கொண்டார்: அன்னைக்கு இழுத்துப் பார்த்தேனா, இல்லையா? அந்தக் கேள்வி போகவே இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு பூட்டையும் இழுத்ததையே இழுத்தார். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து, சாப்பிட உட்கார்ந்தவர்களை எழுப்பி, இன்னொரு தடவை இழுத்தார். "நீங்க மாட்டின பூட்ட நீங்களே பிடுங்கிட்டுப் போயிருவீங்க போலிருக்கே" என்று ஒரு அம்மா சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

பூட்டப் பூட்டக் கதவு முளைக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது மனைவிதான். "பூட்டு போடாத அன்னைக்குக் கதவு வரலைங்க. நான் பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்றாள். அவர் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. கூடத்தில் வந்தது, துணி பீரோவுக்குப் பின்னால் வந்தது, தரையில் கூட ஒன்று வந்தது. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் அதே மூச்சு. வீட்டுச் சொந்தக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வாசல் உள்ள வீட்டுக்கு இந்த வாடகை அநியாயம் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. தூக்கம் வரத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பார்த்தார், சூடாகப் பால் குடித்துப் பார்த்தார். எதிர்வீட்டு பஸ் கண்டக்டர் கொடுத்த பிராந்தியையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பார்த்தார். யாரோ தெரிந்தவர் மருந்துக் கடையிலிருந்து சீட்டு இல்லாமல் வாங்கிக் கொடுத்த மாத்திரையில் மரக்கட்டை மாதிரித் தூங்கினார். காலையில் பார்த்தால் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். தூக்கத்திலேயே எழுந்து போய் எல்லாப் பூட்டையும் இழுத்திருக்கிறார். கதவும் அன்றைக்கு ஜோடியாக வந்திருந்தது. பயம் என்றால் கள்ளனுக்கா, பேய்க்கா என்று கண்டக்டர் கேட்டார். ஏதோ நடக்கப்போகிறது, அது தன்னால்தான் நடக்கும், அவ்வளவுதான் பூட்டுக்காரருக்குத் தெரியும். வாசல் கதவில் மட்டும் மேலிருந்து கீழே வரிசையாகப் பூட்டுத் தொங்கியது.

இனி சொல்லப்போவது கொஞ்சம் பதற வைக்கும். பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யாரும் கேட்க வேண்டாம். மகளுக்குச் சின்னதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டு நின்றவளுக்கு நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. உறிஞ்சுகிற மருந்தை எடுத்தால் டப்பா காலி. உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. அம்மாக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "திறங்க! சீக்கிரம் திறங்க!" பூட்டுக்காரர் சாவிக்கொத்தோடு கதவு முன்னால் நின்றார். எந்தச் சாவி எதற்கு என்பது அவர் கைக்குத் தெரியும். முதல் பூட்டைத் திறந்தார். இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதுக்குக் குனியும்போது இடது கை தன்னாலே மேலே போய் முதல் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தது. வாய், "பிடிச்சிருச்சு" என்றது. மறுபடி திறந்தார். மறுபடி கை பூட்டியது. மறுபடி வாய் சொன்னது. சுற்றிலும் இருந்த அத்தனை கதவுக்குப் பின்னாலும் அந்த மூச்சு, பிள்ளையின் மூச்சை விட வேகமாக இரைத்தது. "அப்பா..." என்றாள் மகள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவர் அழுதுகொண்டே பூட்டிக்கொண்டிருந்தார். "கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க!" என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது; கண்டக்டர் கடப்பாரையால் நெம்பி, நிலையோடு சேர்த்துக் கதவைப் பெயர்த்து எடுத்தார். ஆஸ்பத்திரியில் மூக்கில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பிள்ளைக்கு நிறம் திரும்பிவிட்டது.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள்; எதையும் நறுக்கென்று முடித்துப் பழக்கம். "நீங்க கெட்டவருன்னு போகல. நீங்க பயப்படுறதப் பார்த்து எனக்கும் பயமாயிருச்சு, அதான் போறேன். கதவு திறக்கிற வீடுன்னு ஆன பிறகு சொல்லி விடுங்க, வர்றோம்." மகள் படியில் நின்று, "அப்பா, மருந்து வாங்கிக்கோப்பா" என்றாள். தனக்கு வாங்கச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அவருக்கு வாங்கச் சொல்லியிருக்கிறாள் என்பது அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது.

கண்டக்டர்தான் தன் பஸ்ஸிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். "நான் பைத்தியம்னு நினைக்கிறியா?" என்று இவர் கேட்க, "பைத்தியத்த ஜன்னல் சீட்ல உட்கார வைப்பேனாண்ணே? பேசாம வாங்க" என்றார் அவர். மனநல டாக்டரம்மா அறையில் ஒரு கால் ஆடுகிற மேஜை, காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்திருந்தது. கதவு முளைக்கிற கதையைக் கேட்டு அவள் சிரிக்கவும் இல்லை, கண்ணை அகல விரிக்கவும் இல்லை. எந்தப் பக்கம் திறக்கிற கதவு, தூங்கி எத்தனை நாளாச்சு, நெஞ்சு படபடக்குமா, செத்துப்போயிடலாம்னு தோணுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு அவர் மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டு, "ஒரு தடவை" என்றார். அதற்கு அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் அவரோடு பேசினாள். பேசி முடித்ததும், இனி அந்த நினைப்பு வந்தால் அந்த நிமிஷமே கண்டக்டரிடம் சொல்லி, நேரே இங்கே வந்துவிட வேண்டும் என்று இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டாள். "இதுக்குப் பேர் இருக்கு, மருந்தும் இருக்கு. ஆனா மாத்திரை வந்து பூட்டத் திறக்காது. கை நடுக்கத்தக் குறைக்கும். திறக்கிறது நீங்கதான்."

மாத்திரை உடனே கேட்கவில்லை. முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடத்தான் செய்தது. அப்படி ஆகும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தூக்கி எறியாமல் விழுங்கினார். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், பகலில் கண்ணயரக் கூடாது, தூக்கம் வராவிட்டால் கட்டிலில் புரளாமல் எழுந்து நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதும் வைத்தியத்தில் சேர்த்தி. வாராவாரம் போய்ப் பேச வேண்டும். ஒரு வாரம் அவள் சொன்னாள்: "வெளிச்சத்துல, ஏதாவது ஒரு கதவோட பூட்ட மட்டும் கழட்டுங்க. எதிர்ல உட்காருங்க. பயம் ஏறும். ஏறட்டும். ஓடாதீங்க, இழுத்தும் பார்க்காதீங்க. அது எவ்வளவு தூரம் ஏறுதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

அடுப்படிப் பச்சைக் கதவைத் தேர்ந்தெடுத்தார். சுள்ளென்று வெயில் அடிக்கிற மதியம். பூட்டைக் கழற்றித் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பயம் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. துவாரத்துக்குப் பின்னால் அந்த மூச்சும் இரைத்தது. இப்போது வெளியே வரும், இதோ வருகிறது என்று காதுக்குள் ரத்தம் இரைந்தது. சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்தது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். எதுவும் வரவில்லை. பயம் உச்சிக்குப் போய், போக இடமில்லாமல், வந்த வழியே இறங்க ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் அவருக்கு அந்தத் தைரியம் வந்தது. கைப்பிடியைத் திருப்பித் தன் பக்கமாக இழுத்தார். கதவு திறக்கவில்லை. இழுத்து இழுத்தே தேய்ந்த கை அது. பிடித்திருப்பது எது என்று உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கமும் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னார். "அப்ப உங்களப் பார்த்து அங்க யாரோ பயந்துட்டு இருக்காங்க போல" என்றாள். பாவம் என்று இவருக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மூச்சைப் பற்றி அப்படித் தோன்றியது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். நேர்க்கோடாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மழைக்காலத்தில் மூன்று நாள் தூக்கமே இல்லாமல் போய், கழற்றிய பூட்டில் பாதியை மறுபடி மாட்டினார், வெட்கத்தோடு போய்ச் சொன்னார், திட்டு விழவில்லை. மாத்திரை அளவு மாறியது. அந்தச் சமயத்தில் புதிதாக முளைத்த ஒரு கதவுக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டுப் போடாமல் விட்டார். அது வளராமல் அலமாரிக் கதவளவிலேயே நின்றுவிட்டது. மகளைப் பார்க்க ஞாயிறுதோறும் மைத்துனர் வீட்டுக்குப் போய் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கொட்டாவி விட்டார். மனைவி பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிறதற்கு முன்னால் அவர்கள் திரும்பி வந்தார்கள். வாசலுக்குப் புதுக் கதவு, அதில் ஒரே ஒரு பூட்டு. மனைவி மூட்டையை இறக்காமல் வெளியிலேயே நின்று, "பூட்டுங்க" என்றாள். உள்ளே பூட்டினார். "திறங்க!" அவள் குரலில் அன்றைய குரல் இருந்தது. திறந்துவிட்டார். ஒரு பிள்ளை தும்மி முடிக்கிற நேரம்தான் ஆனது. மகள் அவர் கைக்கடியில் நுழைந்து உள்ளே ஓடி, தன் கட்டிலுக்கு மேலிருந்த கதவின் கைப்பிடியில் பள்ளிக்கூடப் பையை மாட்டினாள். அவர் வாசல் கதவைச் சாத்தினார். கை கைப்பிடி வரை போனது. போன கை சட்டைப் பைக்குள் நுழைந்து, அங்கேயே இருந்தது. வாயும் ஒன்றும் சொல்லவில்லை.

மாத்திரையை அதற்குப் பிறகும் நெடுநாள் சாப்பிட்டார். இப்போதும் வருஷத்தில் ஒன்றிரண்டு முறை டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறார். கதவுகள் எதுவும் மறையவில்லை. அந்தப் பக்கத்து மூச்சு மட்டும் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்து, ஒரு குளிர்காலத்தில் குறட்டையாகவே மாறிவிட்டது. "இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல எனக்குத்தான் தூக்கம் போச்சு" என்று மனைவி எதிர்வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் எப்போது விலகியது என்று யாரும் கவனிக்கவில்லை. காற்று அடிக்கிற நாளில் அடுப்படிப் பச்சைக் கதவு கொஞ்சம் திறந்துகொள்ளும். அடுப்படிக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் அதைச் சாத்திவிட்டுப் போவார்கள்; அந்தப் பக்கம் தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதே என்று, சத்தம் வராமல்.