முட்டை தீர்ந்த வாரம்

அந்தமானில், மாயாபந்தர் ஜெட்டிக்குப் பின்னால் படகு இன்ஜின் பழுது பார்க்கும் செபஸ்தியானுக்கு நாற்பத்தாறு வயது. பின்கழுத்தில் ஒரு கறுப்பு இரண்டு வருடமாகப் படிந்திருந்தது. டீசல் கறை என்றுதான் அவரும் நினைத்தார், அவர் மனைவி அமுதமும் நினைத்தாள். சனிக்கிழமைதோறும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைப்பார். மறுநாள் பூசைக்குப் போகுமுன் அமுதம் தேங்காய் நாரும் சோப்பும் வைத்துத் தேய்த்துவிடுவாள். தோல் சிவக்கும், கறுப்பு போகாது.

மே மாதம் ஜெட்டியில் மருத்துவ முகாம் போட்டார்கள். பிரஷர் பார்க்க உட்கார்ந்தவரின் கழுத்தை டாக்டர் வைஜெயந்தி கவனித்துவிட்டார். மதுரைப் பக்கத்துப் பெண். மாதம் ஒருமுறை போர்ட் பிளேரிலிருந்து வருபவர். இது அழுக்கே இல்லை என்றார். உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. அதனால் மேலும் மேலும் சுரக்கிறது, அந்த மிகுதிதான் தோலில் இப்படித் தெரிகிறது என்று விளக்கினார். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வரும் வழியில் இருக்கிறது என்று முடிவு வந்தது. சோறு, பூரி, சர்க்கரை போட்ட டீ எல்லாவற்றையும் நன்றாகக் குறைத்துவிட்டு, காய், கீரை, மீன், முட்டை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடச் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

செபஸ்தியான் காதில் சர்க்கரை என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. தூத்துக்குடியில் அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரையில்தான் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் சோற்றுப் பானையையே தன் கண்ணில் காட்ட வேண்டாம் என்று அமுதத்திடம் சொல்லிவிட்டார். அவளுக்கும் பயம். எதைக் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று, தவறே வராது எனத் தோன்றிய இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவித்த முட்டை, வெள்ளரிக்காய். மூன்று வேளையும் அதுதான்.

ஐந்து வாரம் ஓடியது. எடை இறங்கியது, ஆனால் ஆள் சரியாக இல்லை. வேலைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தார். முட்டை வேகும் வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். விடியற்காலையில் எழுந்து தனக்காக முட்டை உரிக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. சென்னைக் கப்பல் தாமதம். போர்ட் பிளேர் சாலையில் மண் சரிந்து லாரிகள் நின்றுவிட்டன. பஜாரில் முதலில் வெள்ளரிக்காய் இல்லாமல் போனது, பிறகு முட்டையும் தீர்ந்தது. அன்று வெறும் கட்டங்காப்பியோடு வேலைக்குப் போன செபஸ்தியான், பதினோரு மணிக்கு ரவிக்குமாரின் டீக்கடையில் உட்கார்ந்து எட்டுப் பூரி தின்றார். கிழங்கை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். கடைசிப் பூரி இறங்கும்போதே மனசு கலங்கிவிட்டது. தன் பட்டறையை அடைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

"எட்டுப் பூரி தின்னுட்டேன் அமுதம். என்னால முடியல. முட்டையப் பாத்தாலே வயித்தப் பொரட்டுது."

திட்டப்போகிறாள் என்று நின்றார். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்லயே சொல்லப்பிடாதா? ஒங்களுக்கு அது ஒத்துக்கிட்டுன்னுல்லா நெனச்சேன். வேற எதும் குடுக்க எனக்குப் பயம்."

டாக்டரின் எண் சீட்டில் இருந்தது. அமுதம்தான் போன் போட்டுக் கணவர் கையில் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னவர், கடைசியில் குரல் இறங்கி, "கால் போயிருமா மேடம்?" என்று கேட்டார்.

"ஒருநாள் பூரி தின்னதுக்கெல்லாம் கால் போகாதுண்ணே," என்றார் வைஜெயந்தி. "முட்டையும் வெள்ளரிக்காயும் மட்டும் தின்னுங்கன்னு நான் சொல்லவே இல்லையே. கடலப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. மீனு, நண்டு, கணவாய், கீர, தேங்கா எல்லாம் ஒங்களுக்கு உண்டு. வயிறு நெறையச் சாப்பிடுங்க."

மறுநாள் அமுதம் குடையோடு பஜாருக்குப் போனாள். லாரிக் காய் விற்கும் கடைகள் காலியாகக் கிடந்தன. ஆனால் வெளியே, தார்ப்பாய்க்கு அடியில், உள்ளூர்ப் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருடம் அவர்களைக் கடந்துதான் போயிருக்கிறாள். பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் இனத்தைச் சேர்ந்த, வெபி கிராமத்துப் பெண் எஸ்தர் இளம் மூங்கில் குருத்து வைத்திருந்தாள். இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று ஹிந்தியில் சொல்லி, விரலாலும் காட்டினாள். பக்கத்தில் ஒரு வங்காளி அம்மா தண்ணீரில் வளரும் கொல்மிக் கீரையும் வாழைப்பூவும் விற்றாள்.

அன்று மதியம் மூங்கில் குருத்தும் கணவாயும் போட்டு, மிளகு தூக்கலாக ஒரு பிரட்டல். செபஸ்தியான் வழித்துத் தின்றார். தட்டை நீட்டி மறுபடி கேட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று. தேங்காய் அரைத்துவிட்ட சாளைக் குழம்பைக் கீரையோடு தின்றார். நண்டு ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். பாகற்காயை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டார், அவளும் வற்புறுத்தவில்லை. சாலை திறந்து முட்டை வந்தபோது, வாரத்தில் இரண்டு நாள் வெங்காயம் போட்டுப் பொரித்துக் கொடுத்தாள். தின்றார்.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி இரத்தம் கொடுத்தார். முடிவு வந்த அன்று டாக்டர் தாளை இரண்டு தடவை பார்த்தார். சர்க்கரை சரியான அளவுக்கு இறங்கியிருந்தது. இன்சுலின் பாதியாகியிருந்தது. கழுத்துக் கறுப்பு மங்கவும் முழுக்கச் சரியாகவும் இன்னும் நாள் ஆகும், இதையே விடாமல் செய்யுங்கள் என்றார். மீனும் கீரையும் தின்ற பிறகு ஒரு கைப்பிடி சோறு சாப்பிடலாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அமுதம் பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

"என்ன செய்யுது?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. மூணு மாசமா ஒழுங்காத் தூங்கல. இப்பதான் கண்ணச் சுத்துது."

ஜெட்டியிலிருந்து போன் வந்தது. ஒரு டிங்கிப் படகு ஸ்டார்ட் ஆகவில்லையாம். நாளைக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு போனை அணைத்தார். ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு கர்மாடாங் கடற்கரைக்குப் போனார். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. மழை விட்டிருந்தது, வேலை நாள், கரையில் யாரும் இல்லை. மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அமுதம் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது. செபஸ்தியான் அசையாமல் அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.